அரைச் சாண் உள்ளானும் நாலரைக் கோடி பிக்சலும்: தெரியுமா இந்த அதிசயம்?

அலாஸ்காவில் கிளம்பியது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் இறங்கியது. இடையில் 13,560 கிலோமீட்டர் கடல்! 11 நாள் இடைவிடாத பறத்தல்! ஓய்வு கிடையாது, இரை கிடையாது! 2022 அக்டோபரில் இந்த உலக சாதனையைச் செய்த பட்டைவால் மூக்கன் என்ற பறவைக்கு அப்போது என்ன வயது தெரியுமா? வெறும் 5 மாதம்!

கிளம்பும்போது இந்தப் பறவையின் உடல் எடையில் பாதிக்கும் மேல் கொழுப்புதான். சுமையைக் குறைக்க அது என்ன செய்கிறது தெரியுமா? தன் இரைப்பையையும் குடலையும் சுருக்கிக்கொள்கிறது! வழியில்தான் சாப்பாடே இல்லையே, ஜீரண உறுப்பு எதற்கு?

இதன் உறவினர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் நம் கோடியக்கரைக்கும் பழவேற்காட்டுக்கும் தூத்துக்குடி உப்பளங்களுக்கும் மன்னார்க் கரைக்கும் வருகிறார்கள். உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன், கோட்டான், பவளக்காலி... இந்தக் கரைப்பறவைகளைக் கேமராவில் பிடிப்பதிலும், பிடித்த படத்தை மெருகேற்றுவதிலும் எத்தனை விந்தைகள் ஒளிந்திருக்கின்றன தெரியுமா?

10 மீட்டருக்கு இவ்வளவு மதிப்பா?

கொசு உள்ளானைப் பார்த்திருக்கிறீர்களா? அலகு முதல் வால் வரை 12 முதல் 14 செ.மீ. எடை பெரும்பாலும் 20 முதல் 30 கிராம். இந்தக் குட்டிப் பறவை சைபீரியாவின் பனிவெளியிலிருந்து ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் தாண்டி கோடியக்கரைச் சேற்றில் வந்து புழு கொத்துகிறது!

இப்போது கணக்கைப் பாருங்கள். 600 மி.மீ. லென்ஸ். பறவை 10 மீட்டர் தள்ளி நிற்கிறது. உங்கள் ஃப்ரேமுக்குள் அடங்குவது 60 செ.மீ. அகலம்தான்! நாலரைக் கோடி பிக்சல் கேமராவில் ஃப்ரேமின் அகலம் 8,192 பிக்சல். அதில் 13 செ.மீ. உள்ளானுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1,775 பிக்சல். அருமை! அதே பறவை 20 மீட்டரில் இருந்தால்? 890 பிக்சல். 40 மீட்டரில்? வெறும் 440!

அகலம் நான்கில் ஒரு பங்கு என்றால் பரப்பு எவ்வளவு தெரியுமா? பதினாறில் ஒரு பங்கு! 16 பிக்சலில் பதிய வேண்டிய இறகின் கோடும் புள்ளியும் 1 பிக்சலுக்குள் நசுங்கிவிடுகின்றன. எந்த மென்பொருளாலும் அந்த 15 பிக்சலை உண்மையாக மீட்டுத் தர முடியாது! படத்தை மெருகேற்றும் வேலை கணினியில் தொடங்குவதில்லை, சேற்றில்தான் தொடங்குகிறது என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

படுத்தால் பயம் போகும்!

சரி, கிட்டே போவது எப்படி? எழுந்து நடந்து போனால் 50 மீட்டரிலேயே மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். அதே ஆள் மணலில் குப்புறப் படுத்து, முழங்கையால் மெல்ல மெல்ல ஊர்ந்தால்? நிற்கும் மனிதனைக் கண்டு பறக்கும் பறவை, படுத்திருக்கும் மனிதனைப் பெரும்பாலும் ஆபத்தாக நினைப்பதே இல்லை! அலை விளிம்பில் முன்கூட்டியே படுத்துக் காத்திருந்தால், உள்ளான்கள் தாமாகவே மேய்ந்துகொண்டு லென்ஸ் ஃபோகஸ் செய்ய முடியாத அளவுக்குக் கிட்டே வந்துவிடுவதும் உண்டு!

படுப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. நின்றுகொண்டு எடுத்தால் பறவைக்குப் பின்னால் தெரிவது அதன் காலடிச் சேறு. படுத்து எடுத்தால் பின்னணி நூறு மீட்டர் தள்ளிப் போய்விடும். குப்பை, செருப்பு, வலைத்துண்டு எல்லாம் கரைந்து ஒரே வண்ணத் திரை! எடிட் செய்ய அரை மணி நேரம் பிடிக்கும் பின்னணியை, வயிற்றில் மணல் ஒட்டினாலே ஒரு விநாடியில் சரிசெய்துவிடலாம்!

கேமராவை மணலில் வைப்பது எப்படி? இதற்கு உலகெங்கும் பறவைப் படக்காரர்கள் கண்டுபிடித்த கருவி எது தெரியுமா? பொரிக்கும் சட்டி! ஆமாம், சமையலறைச் சட்டியேதான்! நடுவில் ஓட்டை போட்டு, லென்ஸ் தாங்கியை முடுக்கி, மணலில் வழுக்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். சட்டியின் விளிம்பு மணலை உள்ளே விடாது. இதே வடிவத்தில் பிளாஸ்டிக் தட்டுகள் செய்து கடையில் விற்கும் அளவுக்கு இது பிரபலம்!

மாட்டுக்குள் மனிதன்!

ஊர்ந்து போவதெல்லாம் பெரிய விஷயமா? இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்த ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் செய்ததைக் கேளுங்கள். பறவைகளுக்குச் சந்தேகம் வராமலிருக்க ஒரு காளையின் தோலை வாங்கி, உள்ளே வெற்றிடம் விட்டுப் பாடம் செய்து, அதன் வயிற்றுக்குள் கேமராவோடு ஒளிந்துகொண்டார்கள்! மேய்ச்சல் நிலத்தில் மாடு நின்றால் எந்தப் பறவை பயப்படும்?

1892-ல் முட்டைகளோடு கூடிய ஒரு பறவைக்கூட்டை இவர்கள் எடுத்த படமும், 1895-ல் முழுக்க நேரடிப் புகைப்படங்களோடு வந்த இவர்களின் கூடுகள் பற்றிய புத்தகமும் இயற்கைப் புகைப்பட வரலாற்றின் தொடக்கப் படிகள். கனமான மரக் கேமராவும் கண்ணாடித் தட்டும் வைத்துக்கொண்டு!

பறவையைச் சுட்ட துப்பாக்கி, உயிர் போகவில்லை!

1882-ல் பிரான்ஸைச் சேர்ந்த எத்தியென் ஜூல் மாரே ஒரு துப்பாக்கி செய்தார். குறிபார்த்து விசையை அழுத்தினால் குண்டு வராது, படம் விழும்! விநாடிக்கு 12 படம்! ஒவ்வொன்றும் 1/720 விநாடி! பறக்கும் பறவையின் சிறகு எப்படி அசைகிறது என்பதை மனிதக் கண் துண்டு துண்டாகப் பார்க்கத் தொடங்கியது அப்படித்தான்.

2023-ல் சோனி அறிவித்த ஏ9 III கேமரா விநாடிக்கு எத்தனை படம் எடுக்கும் தெரியுமா? 120! ஷட்டர் வேகம் 1/80,000 விநாடி வரை! கூட்டிக் கழித்துப் பாருங்கள், 141 ஆண்டுகளில் விநாடிக்கான படங்களின் எண்ணிக்கை சரியாக 10 மடங்குதான் கூடியிருக்கிறது! அப்படியானால் 1882-ல் அந்த மனிதர் எட்டிய இடம் எவ்வளவு உயரம்!

விசையை ஒரே ஒரு விநாடி அழுத்திப் பிடித்தாலே 120 படம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்து அவற்றில் நல்லது நான்கைத் தேடிப் பொறுக்குவதும் எடிட்டிங்கில் சேர்த்திதான்! பாதிக்கு மேல் அழித்துவிடத் துணிச்சல் வேண்டும்.

1/250 விநாடியில் 6.7 சென்டிமீட்டர்!

உள்ளான் கூட்டம் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் எதிரே கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/250 விநாடி திறந்திருந்தால், அந்த நேரத்துக்குள் பறவை எவ்வளவு நகர்ந்துவிடும்? 6.7 செ.மீ.! கொசு உள்ளானின் உடம்பில் பாதி! 1/2000 விநாடியில்? 8 மில்லிமீட்டர்! 1/4000-ல் 4 மில்லிமீட்டர்!

பறவையோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பினால் உடல் நகர்வு ஈடாகிவிடும். ஆனால் சிறகு? அது மேலும் கீழும் அல்லவா அடிக்கிறது! அதனால்தான் பறக்கும் கரைப்பறவைக்கு 1/2000-க்குக் கீழே இறங்காதே என்கிறார்கள். நல்ல காலை வெயில் இருந்தால் எஃப்/6.3 துளையில் இந்த வேகத்துக்கு ஐ.எஸ்.ஓ. 320 போதும் தெரியுமா? மேகம் மூடினால் அது 1,250-ஐத் தாண்டும்.

ஃபோகஸின் தடிமன் எவ்வளவு?

600 மி.மீ. லென்ஸ், எஃப்/4 துளை, பறவை 10 மீட்டரில். கூர்மையாகத் தெரியும் பகுதியின் ஆழம் எத்தனை அடி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அடியா! வெறும் 6 முதல் 7 சென்டிமீட்டர்! உள்ளான் உங்களை நேராகப் பார்த்து நின்றால் அலகு நுனி கூர்மை, வால் மங்கல். பக்கவாட்டில் நின்றால் முழுப் பறவையும் கூர்மை!

எது மங்கினாலும் மங்கட்டும், கண் மட்டும் மங்கக் கூடாது! 2020-ல் வந்த கேனான் ஆர்5 கேமரா பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்தபோது உலகமே வாய் பிளந்தது. மிளகளவுகூட இல்லாத கண்ணை, ஓடுகிற உள்ளானின் தலையில், ஒரு கருவி கண்டுபிடிக்கிறது!

ஆனால் ஒரு சிக்கல். பறவைக்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு, தெரியுமா? கண்ணின் குறுக்கே பக்கவாட்டில் சரக்கென்று வந்துபோகும் மெல்லிய சவ்வு. அந்த நொடியில் படம் விழுந்தால் கண் பால் படர்ந்ததுபோலத் தெரியும். தொடர் படங்களில் அடுத்ததைப் பாருங்கள், கண் பளிச்சென்று இருக்கும்! அந்தக் கண்ணில் சூரியனின் ஒரு புள்ளி மின்னுகிறதா என்பதையும் பாருங்கள். அந்த ஒரு புள்ளி இல்லாவிட்டால் படத்தில் பறவைக்கு உயிரே இல்லை!

வெள்ளை வெள்ளையாக வராது, ஏன்?

உப்பளத்தில் நெடுங்கால் உள்ளான் நிற்கிறது. உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் பூநாரைக்கு அடுத்து உலகிலேயே மிக நீளமான கால் இதற்குத்தான் என்று தெரியுமா? வயிறு பளீர் வெள்ளை. சுற்றிலும் உப்புக் குவியல் அதைவிட வெள்ளை. படம் எடுத்தால்? எல்லாமே சாம்பல்!

காரணம், கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக மாற்றவே முயலும்! வெள்ளை மணலில் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். கருத்த சேற்றின் முன்னால் வெள்ளைப் பறவை நின்றால் குறைக்க வேண்டும். தலைகீழ்! இந்த நெடுங்காலுக்கு இன்னொன்றும் செய்யுங்கள்: கேமராவை நெட்டாகத் திருப்புங்கள். அசையாத நீரில் பிம்பமும் சேர்ந்து இரட்டை நீளக் கால் கிடைக்கும்! பிம்பத்தின் தலையை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

வெயில் ஏறினால் 10 லட்ச ரூபாய் லென்ஸும் தோற்கும்!

காலை 9 மணிக்கு மேல் உப்பளத் தரையில் காற்று நெளிவதைப் பார்த்திருக்கிறீர்களா? கானல்! சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து ஒளியை வளைக்கின்றன. 40 மீட்டர் தள்ளி நிற்கும் பறவை கண்ணுக்குக் கூர்மை, படத்தில் கொழகொழ! ஃபோகஸ் கெட்டுவிட்டது என்று லென்ஸைச் சரிபார்க்கக் கொடுப்பவர்கள் எத்தனையோ பேர். லென்ஸில் குறையே இல்லை! கானலைத் துடைக்க எந்த மென்பொருளாலும் முழுதாக முடியாது. விடியலில் போங்கள், கிட்டே எடுங்கள். வேறு மருந்து இல்லை.

அது சரி, லென்ஸ் பெரிதானால் எவ்வளவு பெரிதாகும் தெரியுமா? கேனான் செய்த 1200 மி.மீ. எஃப்/5.6 லென்ஸின் எடை 16.5 கிலோ! இதற்கு நேர்மாறு மலேசியாவின் லாரன்ஸ் போ. 1999-ல் ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவைப் பறவை பார்க்கும் தொலைநோக்கியின் கண்ணாடியில் வைத்துப் படம் எடுத்துக் காட்டினார். டிஜிஸ்கோப்பிங் என்ற முறை உலகெங்கும் பரவ அவரே வழிவகுத்தார்! இன்று செல்போனை அதே இடத்தில் பொருத்திப் பல ஆயிரம் பேர் எடுக்கிறார்கள்.

கண் தவறவிட்டதைக் கேமரா பிடித்தது!

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொட்டாவி விடும் உள்ளானின் படத்தைப் பார்த்து "ஐயோ, அலகு உடைந்துவிட்டதே!" என்று பதறியவர்கள் உண்டு. மேல் அலகின் நுனி மட்டும் மேல்நோக்கி வளைந்திருக்கும்! உடையவில்லை! உள்ளான் வகைகளால் அலகின் அடியைத் திறக்காமலே நுனியை மட்டும் திறக்க முடியும்! சேற்றுக்குள் அலகைப் புதைத்துக்கொண்டே புழுவை இடுக்கிப் பிடிக்கும் உத்தி அது.

அந்த அலகு நுனி எவ்வளவு நுட்பமானது தெரியுமா? செந்நிற நாட் எனப்படும் பறவை ஈரமணலில் அலகைக் குத்தும்போது எழும் நீரழுத்த மாற்றத்தை வைத்தே, தொடாமலேயே, உள்ளே சிப்பி இருக்கிறதா என்று கண்டுகொள்கிறது!

இன்னும் கேளுங்கள். ஃபாலரோப் என்ற சிறு பறவை நீரில் பம்பரமாகச் சுழலும். சுழற்சியில் கீழிருந்து இரை மேலே வரும். அந்த இரையுள்ள நீர்த்துளி அலகு நுனியிலிருந்து வாய்க்கு எப்படிப் போகிறது? உறிஞ்சவில்லை! தலையைத் தூக்கவும் இல்லை! அலகைத் திறந்து திறந்து மூட, துளி படிப்படியாக மேலே ஏறுகிறது, புவியீர்ப்பை எதிர்த்து! இதன் இயற்பியலை விளக்கி 2008-ல் ஆய்விதழில் எழுதியவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த மனு பிரகாஷ்!

நியூசிலாந்தின் ரைபில் பறவைக்கு அலகு பக்கவாட்டில் வளைந்திருக்கும். எந்தப் பக்கம்? எப்போதும் வலப்பக்கம்! உலகில் வேறெந்தப் பறவைக்கும் இப்படி இல்லை.

கரண்டிமூக்கு உள்ளான் இன்னொரு ஆச்சரியம். உலகில் மிஞ்சியிருப்பவை சில நூறுதான்! ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் முட்டையிட்டு, மியான்மர், வங்கதேசக் கரைகளுக்குக் குளிர்காலத்தில் வருகிறது. இதைப் படம் பிடிக்கப் போகிறவர் பக்கவாட்டில் எடுத்தால் ஏமாந்தே போவார்! பக்கத்திலிருந்து பார்த்தால் அது சாதாரண உள்ளான். நேராகத் திரும்பினால்தான் கரண்டி தெரியும்!

மன்னார் வளைகுடாப் பக்கம் வரும் நண்டுண்ணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரைப்பறவைகளில் இது மட்டும் மணலுக்குள் வளை தோண்டி முட்டையிடும்! அடைகாக்கும் வேலையில் பெரும்பங்கு வெயிலுக்கு!

குளிர்காலத்தில் சாம்பல், ஏப்ரலில் செங்கல்!

நவம்பரில் வளைமூக்கு உள்ளானை எடுத்தவர், ஏப்ரல் கடைசியில் அதே இடத்தில் எடுத்தால் வேறு பறவை என்று நினைப்பார்! வெளிர் சாம்பல் போய் உடம்பெல்லாம் செங்கல் சிவப்பு. சைபீரியாவில் ஜோடி சேரப் புறப்படும் முன் அணியும் உடை அது. "நிறம் ஏறவில்லையே" என்று குளிர்காலப் படத்தில் செறிவை இழுத்து ஏற்றாதீர்கள்! அந்தச் சாம்பல்தான் உண்மை. வேண்டுமானால் சித்திரையில் ஒரு முறை போய்ப் பாருங்கள்!

256-ஆ, 16,384-ஆ?

ஜேபெக் படத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் வெளிச்சத்தின் படிநிலை எத்தனை தெரியுமா? 256. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா ஃபைலில்? 16,384! மூன்று வண்ணத்தையும் பெருக்கினால் ஜேபெக்கில் 1.68 கோடி நிறம். ராவில் ஏறத்தாழ 4.4 லட்சம் கோடி!

இத்தனை நிறம் எதற்கு? வெயிலில் வெளுத்துப்போன வெள்ளை வயிற்றில் இறகுக் கோடுகளை மீட்கத்தான்! சிறகின் அடி நிழலில் ஒளிந்த விவரத்தை வெளியே கொண்டுவரத்தான்! ஜேபெக்கில் அதே நிழலைத் தூக்கினால் திட்டுத் திட்டாக உடையும். வெளிச்சத்தின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது சுவரில் மோதி வெள்ளை முழுதாக எரிந்துவிட்டால் ரா ஃபைலும் கைவிரித்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1 டிகிரி சாய்ந்தால்?

கடல் சாயுமா? படத்தில் சாயும்! 8,192 பிக்சல் அகலப் படத்தில் தொடுவானம் 1 டிகிரி சாய்ந்தால் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் 143 பிக்சல் வித்தியாசம்! தண்ணீர் வழிந்து கொட்டிவிடும்போல் இருக்கும். எடிட்டிங்கில் முதல் வேலையாக அதை நேராக்குங்கள். தொடுவானம் தெரியாவிட்டால் பறவையையும் அதன் பிம்பத்தையும் பாருங்கள். கண்ணும் பிம்பத்தின் கண்ணும் ஒரே செங்குத்துக் கோட்டில் வர வேண்டும்!

அடுத்து கிராப். அகலத்திலும் உயரத்திலும் பாதியை வெட்டினால் மிஞ்சுவது பாதி இல்லை, கால்வாசி! நாலரைக் கோடி பிக்சல் 1.1 கோடியாகிவிடும். பயப்பட வேண்டாம், 4கே திரைக்கே 83 லட்சம் பிக்சல்தான் தேவை! பறவை பார்க்கும் பக்கம் கொஞ்சம் வெளி விடுங்கள், அது போதும்.

மங்கலை வைத்துக் கூர்மை செய்தார்கள்!

கணினி வருவதற்குப் பல பத்தாண்டு முன்பே இருட்டறைக்காரர்கள் ஒரு விந்தை செய்தார்கள். நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலான ஒரு பாசிட்டிவ் நகல் எடுத்து, அதை நெகட்டிவோடு சேர்த்து வைத்து அச்சிட்டார்கள். என்ன ஆயிற்று? படத்தின் விளிம்புகள் முன்பைவிடக் கூர்மை! இன்று நீங்கள் ஷார்ப்பன் என்று இழுக்கும் கோட்டுக்குப் பின்னால் ஓடும் கணக்கும் அதே உத்திதான்!

அதைப் பறவைக்கு மட்டும் கொடுங்கள். மங்கலான பின்னணியையும் கூர்மையாக்கினால் என்ன ஆகும்? வெறும் மணி மணியான இரைச்சல் பெருகும்! பின்னணிக்கு இரைச்சல் குறைப்பு, இறகுக்குக் கூர்மை, கண்ணுக்கு ஒரு பொட்டு வெளிச்சம். மூன்றும் மூன்று இடத்தில்! 2023-ல் லைட்ரூம் மென்பொருளில் இரைச்சலைக் குறைக்கும் செயற்கை நுண்ணறிவு டீநாய்ஸ் வசதி வந்தது. ஐ.எஸ்.ஓ. 6,400 படங்களையும் அது துடைத்துத் தருவது பிரமிப்பு! ஆனால் அளவு மீறினால் இறகின் கோடுகள் அழிந்து வழவழப்பாகிவிடும். 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே குறையுங்கள்.

ஒரு தகவல்: ஃபோட்டோஷாப்பின் திறமையைக் காட்டப் பயன்பட்ட முதல் வண்ணப் படம் எங்கே எடுத்தது தெரியுமா? ஒரு கடற்கரையில்! 1987-ல் ஜான் நோல் போரா போராவில் எடுத்த படம். அவரும் அண்ணன் தாமஸ் நோலும் சேர்ந்து உருவாக்கியதுதான் 1990-ல் வெளிவந்த அந்த மென்பொருள்!

எதுவரை மாற்றலாம்? லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் ஆண்டின் சிறந்த காட்டுயிர்ப் புகைப்படப் போட்டி 1965-லிருந்து நடக்கிறது. வெளிச்சம், நிறம், கிராப் எல்லாம் அளவோடு சரி. ஒரு குச்சியைச் சேர்த்தாலோ அழித்தாலோ வெளியேற்றம்! இறுதிச் சுற்றில் ரா ஃபைலையே கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள்!

நம்ம ஊர் மனிதர் கட்டிய கேமரா!

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் தன் கேமராவைத் தானே கட்டினார் என்று தெரியுமா? வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து அவர் உருவாக்கிய கருவிக்கு வைத்த பெயர் சூப்பர் பாண்டரோசா! எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளை! 1950-லிருந்து 1996-ல் மறையும் வரை 46 ஆண்டு இயற்கை பற்றி ஒரே பத்திரிகையில் பத்தி எழுதினார்! தானியங்கி ஃபோகஸ் இல்லை, செயற்கை நுண்ணறிவு இல்லை. விலங்கும் பறவையும் அடுத்து என்ன செய்யும் என்ற அறிவுதான் அவருடைய ஃபோகஸ்!

ஒரு முறை விரட்டினால் என்ன நஷ்டம்?

அமெரிக்காவின் டெலவேர் விரிகுடா. மே மாதம். 44 கோடி ஆண்டுப் பரம்பரை கொண்ட குதிரைலாட நண்டுகள் கரையேறி முட்டையிடுகின்றன. ஒரு பெண் நண்டு ஒரு பருவத்தில் இடுவது சுமார் 80,000 முட்டை! அதைத் தின்ன செந்நிற நாட்கள் தென் அமெரிக்காவிலிருந்து வந்து குவிகின்றன. இரண்டு வாரத்தில் எடை கிட்டத்தட்ட இரட்டிப்பு! அந்த எடை ஏறாவிட்டால் ஆர்க்டிக் போய்ச் சேர்ந்து குஞ்சு பொரிக்க முடியாது. அதனால் நியூஜெர்சிப் பக்கத்தில் மே தொடக்கம் முதல் ஜூன் தொடக்கம் வரை பல கடற்கரைகளை மனிதர்களுக்கே மூடிவிடுகிறார்கள்!

நம் கரையிலும் கதை அதேதான். பறக்கும் படம் வேண்டும் என்று கூட்டத்தை எழுப்பிவிடுபவர் பறவையின் எரிபொருளைத் திருடுகிறார்! தயவுசெய்து செய்யாதீர்கள். காத்திருங்கள், பருந்து வந்தால் அவை தாமே எழும். உப்புக்கொத்தி ஒன்று இறக்கையை இழுத்து இழுத்து நொண்டினால் என்ன அர்த்தம் தெரியுமா? அடிபடவில்லை, நடிக்கிறது! உங்கள் காலடிக்குப் பக்கத்தில் மணல் நிற முட்டை இருக்கிறது! படம் வேண்டாம். வந்த தடத்திலேயே காலைப் பார்த்து வைத்துத் திரும்பிவிடுங்கள்.

காலை வெட்டாதீர்கள்!

1995-ல் அர்ஜென்டினாவில் ஒரு செந்நிற நாட்டுக்கு வளையம் மாட்டினார்கள். பின்னாளில் ஆரஞ்சுக் கொடியில் பி95 என்ற குறியும் ஏறியது. அந்தக் குறியைத் தொலைநோக்கியிலும் கேமராவிலும் மீண்டும் மீண்டும் படித்தார்கள். கடைசியாக எப்போது தெரியுமா? 2014-ல்! அதாவது வயது குறைந்தது 20! ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர் வீதம் அது பறந்த தூரம் நிலவுக்குப் போகும் 3,84,400 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது! அதனால்தான் அதற்கு நிலவுப் பறவை என்று பெயர்!

கோடியக்கரையிலும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் இடுகிறது. ஆகவே கிராப் செய்யும்போது அழகுக்காகக் கால்களை வெட்டிவிடாதீர்கள்! வளையமோ கொடியோ தெரிந்தால் இரண்டு காலும் விழும்படி எடுங்கள். நிழலைத் தூக்கி, கூர்மை ஏற்றி, எழுத்தைப் படித்துப் பாருங்கள். எந்தக் காலில் எந்த நிறம், மேலே எது கீழே எது, என்ன எழுத்து, எந்த ஊர், எந்தத் தேதி என்று குறித்துக் கழகத்துக்கு அனுப்பினால், உங்கள் உப்பளத்தில் நின்ற அந்தப் பறவைக்கு எந்த நாட்டில், எந்த ஆண்டில் வளையம் மாட்டினார்கள் என்ற பதில் உங்களைத் தேடி வரும்!